வன்னியில் கன்று நட முன் உங்கள் வளவை அறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சாள் விதைப் பாக்கெட்டுகளை மேசையில் பரப்பிவிட்டு, "இதில வலயம் 4 தொடக்கம் 8 எண்டு போட்டிருக்கு. எங்கட கிளிநொச்சி எத்தினையாம் வலயம்?" என்று கேட்டார். ஊருக்குத் திரும்பி வளவில் நாலு மரம் வைக்க நினைக்கும் பலரும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். விடை சொல்வது சுலபம். ஆனால் குளிரை மட்டும் சொல்லும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு இங்கே ஒரு கத்தரிக் கன்றைக்கூடக் காய்க்க வைக்க முடியாது. வன்னியில் செடிகள் சாவது கார்த்திகையில் வேரடியில் நிற்கும் தண்ணீராலும் ஆவணியில் வற்றும் கிணற்றாலும்தான்.

கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்யுங்கள். பலர் கடைசியாகச் செய்ய வேண்டிய கன்று வாங்குவதை முதலில் செய்துவிட்டு, அதை எங்கே வைப்பது என்று பிறகு வளவைச் சுற்றி நடக்கிறார்கள்.

1. தொடங்க முன்

மண்வெட்டி, அலவாங்கு, அளவு நாடா, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல், சுவர் நேராக உள்ள தகரப் பேணி, அடிமட்டம், முடிச்சுப் போட்ட நீளக் கயிறு, ஒரு கொப்பி. தண்ணீரின் உப்பை அளக்கும் சிறிய மீற்றர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

வேலையை ஆவணி கடைசியில் தொடங்குங்கள். அப்போதுதான் கிணறு ஆண்டின் மிகத் தாழ்ந்த மட்டத்தை நெருங்கியிருக்கும். மழைக்கு முன் குழி வெட்டிப் பார்க்கவும் நேரம் இருக்கும். தையில் வந்து நிறைந்த கிணற்றையும் பச்சையான காணியையும் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் அடுத்த ஆனியில் தலையில் கை வைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நீண்ட காலம் பற்றையாகக் கிடந்த காணி என்றால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம்தானா என்று கிராம அலுவலரிடம் முதலில் உறுதிப்படுத்துங்கள். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து அறிவியுங்கள். அலவாங்கு அதற்குப் பிறகுதான்.

2. பாக்கெட்டில் உள்ள எண்ணைச் சரியாக வாசியுங்கள்

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வரைபடம் நிலத்தை 13 வலயங்களாகப் பிரிக்கிறது. ஓர் இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையை எடுத்து, பல ஆண்டுகளுக்குச் சராசரி பார்த்தால் வருவதே அந்த எண். 2023 இல் வெளியான வரைபடம் 1991 முதல் 2020 வரையான பதிவுகளைக் கொண்டது. 5 ஆம் வலயத்தில் குளிர் சுழியத்துக்குக் கீழே 23 முதல் 29 பாகை செல்சியஸ் வரை இறங்கும். 13 ஆம் வலயத்தில் ஆண்டின் மிகக் குளிரான இரவுகூட ஏறத்தாழ 15.6 பாகைக்குக் கீழே போகாது. வன்னியை அந்த அளவுகோலில் வைத்தால் மேல் நுனியில், 13 ஐ ஒட்டி நிற்கும்.

இந்த எண் பல ஆண்டு நிற்கும் மரம் செடிகளுக்கானது. தக்காளி, வெண்டி போல ஒரு போகத்தில் முடிகிற பயிருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. பாக்கெட்டில் "4 முதல் 8" என்று இருந்தால் கீழ் எல்லையைப் பார்க்காமல் மேல் எல்லையைப் பாருங்கள். 8 க்கு மேல் போனால் அந்தச் செடிக்கு இங்குள்ள சூடும், குளிர்காலம் என்று ஒன்று இல்லாததும் பிரச்சினை. அப்பிள் மரத்தின் மொட்டு விரிய, 7 பாகைக்குக் கீழ் பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். குறைந்த குளிர் போதுமான இனங்களுக்குத் தேவையான அளவுகூட வன்னியில் கிடைக்காது.

கனடாவிலிருந்து வரும் பாக்கெட் அமெரிக்க எண்ணைச் சொல்கிறதா, கனடாவின் எண்ணைச் சொல்கிறதா என்றும் பாருங்கள். கனடாவின் முறை உறைபனி இல்லாத நாட்கள், பனியின் ஆழம், காற்று என்று வேறு சிலவற்றையும் சேர்க்கிறது. லண்டனிலிருந்து வருவதில் எச் 1 முதல் எச் 7 வரை இருக்கும். அதில் எண் கூடக் கூடக் குளிர் தாங்கும் செடி, அதாவது அமெரிக்க எண்ணுக்கு நேர்மாறு. எச் 7 என்று போட்ட செடி நமக்கு ஆகவே ஆகாது.

வெப்பத்துக்கென்று தனி வரைபடமும் உண்டு. 1997 இல் அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் வெளியிட்டது. ஓர் ஆண்டில் எத்தனை நாட்கள் 30 பாகையைத் தாண்டுகின்றன என்று எண்ணி 12 வலயங்கள் ஆக்கியிருக்கிறார்கள். 210 நாட்களுக்கு மேல் என்றால் 12. நமக்கு அதுவும் கடைசி எண்தான். ஆக, இரண்டு அளவுகோலிலும் வன்னி நுனியில் நிற்பதால், உள்நிலத்து நெடுங்கேணிக்கும் கரையோரப் பூநகரிக்கும் உள்ள வித்தியாசத்தை இவை காட்டாது.

அப்படியானால் குளிரே பிரச்சினை இல்லையா? 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கில் ஏராளமான மாடுகள் இறந்தன. உறைபனிக்கும் அதற்கும் வெகு தூரம், ஆனால் நனைந்த உடம்பில் காற்று அடித்தால் அதுவே போதும். நாற்றுமேடைக்கும் இது பொருந்தும். மார்கழியில் இளம் நாற்றுக்கு வாடைக் காற்றுப் பக்கம் ஒரு மறைப்பு வேண்டும்.

வெளிநாட்டு விதைகள், கன்றுகளை அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இருக்கிறது. மச்சாளின் பாக்கெட்டுகளைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் சொல்லப் போவதில்லை.

3. மழை வலயத்தைக் கண்டறியுங்கள்

இலங்கையில் நமக்குப் பயன்படுவது மழையை வைத்துப் பிரித்த வலயம். ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் ஈர வலயம், 1750 க்கும் 2500 க்கும் இடையில் இடை வலயம், 1750 க்குக் கீழே உலர் வலயம். வன்னி முழுவதும் உலர் வலயத் தாழ்நிலம். தாழ்நிலம் என்றால் கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள்.

விவசாயத் திணைக்களம் நாட்டை 46 விவசாயச் சூழலியல் பிரிவுகளாக்கியிருக்கிறது. வன்னியின் உள்நிலம் பெரும்பாலும், உலர் வலயத் தாழ்நிலத்தைக் குறிக்கும் டி.எல். 1 என்ற குறியீட்டின் உட்பிரிவுகளில் வரும். கரையோரம் டி.எல். 3, டி.எல். 4. உங்கள் காணி எதில் என்று கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், அல்லது 1920 க்கு அழையுங்கள். விடையைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஏன் இது வேண்டும்? வவுனியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீற்றர் பெய்யும், மன்னாரில் ஏறத்தாழ 1000. கண்டியிலோ கேகாலையிலோ றம்புட்டான் காய்த்துக் குலுங்கும் காணொளியைப் பார்த்துக் கன்று வாங்குபவர், அது ஆண்டு முழுக்க ஈரம் கிடைக்கும் நிலம் என்பதை மறந்துவிடுகிறார்.

4. மழையையும் காற்றையும் மாதக் கணக்கில் எழுதுங்கள்

ஆண்டு மொத்தம் உங்களை ஏமாற்றும். 1400 மில்லிமீற்றரில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். கார்த்திகைதான் உச்சம், புயல் வருவதும் அதை ஒட்டித்தான். தையில் குறைந்து மாசி, பங்குனியில் காய்ந்து, சித்திரையில் இடியோடு கொஞ்சம் பெய்யும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம். அந்தக் காற்று தென்மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு நம்மிடம் வறண்டுதான் வருகிறது.

ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று விடயம் எழுதுங்கள்: மழை பெய்யுமா, காற்று எந்தப் பக்கம், கிணறு எந்த மட்டம். முதல் ஆண்டில் அயலில் உள்ள வயதானவர்களிடம் கேட்டு நிரப்புங்கள். "மழை எப்படி?" என்று கேட்டால் "நல்ல மழை" என்பார்கள். "கார்த்திகையில எந்த மூலையில தண்ணி நிக்கும், எத்தினை நாள் நிக்கும்?" என்று கேளுங்கள்.

புதிதாக வருபவர்கள் அதிகம் விழும் பள்ளம் சித்திரை மழை. இரண்டு நல்ல மழை விழுந்ததும் மண் மணக்கும், கைகள் பரபரக்கும், மாங்கன்று வாங்கி நட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் மழை இல்லை. வேர் ஓடாத கன்று சோளகத்தில் கருகிவிடும். நானும் முதல் ஆண்டில் இப்படி ஆறு கன்றுகளை இழந்தேன், ஏழாவது கன்று கிணற்றடியில் நின்றதால் தப்பியது.

5. மண்ணைக் குழி வெட்டிப் பாருங்கள்

மேலே உள்ள மண்ணைக் கையால் அள்ளிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குறைந்தது மூன்று இடங்களில், வளவின் மேடு, நடு, பள்ளம் என்று இரண்டடி ஆழத்துக்கு வெட்டுங்கள். மர வேர் போகப்போவது அங்கேதான்.

வன்னி உள்நிலத்தின் மேட்டில் பெரும்பாலும் செங்கபில மண். காய்ந்தால் அலவாங்கு தெறிக்கும், நனைந்தால் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். இடையில், மழை விழுந்து ஓரிரண்டு நாளில், பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரும் பதம் ஒன்று வரும். கொத்த வேண்டியது அப்போதுதான். சேறாக இருக்கும்போது கொத்தினால் கட்டிகள் காய்ந்து செங்கல் ஆகும், அடுத்த மழை வரை அவற்றோடு போராட வேண்டும். குழியின் அடியில் கிரவல் வந்தால் எத்தனை அங்குலத்தில் வந்தது என்று எழுதுங்கள். ஓரடிக்குள் கிரவல் என்றால் அங்கே மரம் வேண்டாம், மரக்கறிப் பாத்தி போடலாம்.

பள்ளத்தில் வெட்டிய குழியில் சாம்பல் நிற மண்ணும் அதில் துரு நிறப் புள்ளிகளும் தெரிந்தால், மழைகாலத்தில் நீர் அந்த மட்டம் வரை நிற்கிறது என்று பொருள். ஆவணியில் எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் அந்தப் புள்ளிகள் மறையாது. கோரை தழைத்து நிற்பதும் அதையே சொல்லும். முருங்கன் பக்கத்துக் கறுப்பு மண் வேறு வகை. காய்ந்ததும் வெடிப்பு விடும், நனைந்ததும் ஊதும், அதில் மேட்டுப்பாத்தி இல்லாமல் மரக்கறி செய்வது சிரமம். முல்லைத்தீவு, பூநகரிக் கரையில் மணல். தண்ணீர் நிற்காது, பசளையும் நிற்காது. உமரி முளைத்த இடம் உவர், அங்கே காசு செலவழிக்க வேண்டாம்.

இனி இரண்டு சோதனை. போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும், வண்டல் இரண்டு மணி நேரத்தில், களி அடங்க ஒரு நாள் ஆகும். மூன்று அடுக்கையும் அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். களி மொத்தத்தில் ஏறத்தாழ பாதிக்கு வந்தால் வடிகால் இல்லாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

இரண்டாவது, ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். முழுவதும் வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். காய்ந்த மண் முதல் தடவை வெடிப்புகள் வழியாகத் தண்ணீரைக் குடித்துவிடும். அதை நம்பினால் வடிகால் நல்லது என்று தப்பாக நினைப்பீர்கள். இரண்டாம் தடவை மணிக்கு ஒன்று முதல் மூன்று அங்குலம் என்றால் நல்லது. ஒன்றுக்குக் கீழே என்றால் மேடு போட்டுத்தான் நட வேண்டும். பப்பாசி வேர் தண்ணீரில் இரண்டு நாள் நின்றால் மரமே போய்விடும்.

6. கிணறு: எவ்வளவு, எவ்வளவு உப்பு

முடிச்சுக் கயிற்றை இறக்கி ஆவணி, புரட்டாதியில் மட்டத்தைக் குறியுங்கள். பிறகு வழக்கமாக இறைக்கும் அளவு இறைத்துவிட்டு, பழைய மட்டத்துக்கு ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். உங்கள் தோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த ஊற்று. காணி எத்தனை ஏக்கர் என்பது இரண்டாம் பட்சம்.

கணக்கு இப்படி. ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். சோளகக் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகப் போகும் என்று வையுங்கள், காற்றுப் பலமான நாளில் இன்னும் கூடும். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதை முழுக்க மரக்கறியாக்கினால் ஒரு நாளைக்கு 1250 லீற்றருக்கு மேல் வேண்டும். ஆவணியில் உங்கள் கிணறு அதைத் தருமா? தராது என்றால் வறண்ட பருவமான சிறுபோகத்தில் கால் பரப்புச் செய்யுங்கள், மீதியை மழைப் பருவமான காலபோகத்துக்கு விடுங்கள்.

உப்பு மீற்றர் சென்ரிமீற்றருக்கு 700 மைக்ரோசீமன்சுக்குக் கீழே காட்டினால் எதையும் நடலாம். 700 முதல் 3000 வரை பயிரைப் பார்த்துத் தெரிய வேண்டும்: போஞ்சி, கரட், வெங்காயம் சீக்கிரம் வாடும், பீற்றூட்டும் தென்னையும் தாங்கும். 3000 க்கு மேல் என்றால் மரக்கறிக்கு அந்தக் கிணறு வேண்டாம். மீற்றர் இல்லாதவர்கள் அயல் வளவில் போஞ்சி நன்றாக வருகிறதா என்று பார்த்தால் ஓரளவு விளங்கும். கேத்தலில் வெள்ளைப் படிவு கட்டினால் அது சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரில் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் ஆகும் செடிகளைக் காணலாம்.

கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஒரே மூச்சில் பம்பி போட்டு இறைத்தால் கீழே உள்ள உவர் ஏறிவிடும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இறையுங்கள்.

7. வெயிலும் நிழலும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் "தெற்குப் பார்த்த இடம்" என்று வரும். இங்கே அதை அப்படியே எடுக்கக் கூடாது. வன்னியில் சித்திரை தொடக்கத்தை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்கு வடக்கே நிற்கும், அப்போது நண்பகல் நிழல் தெற்கே விழும். மார்கழியில் தெற்கே சாய்ந்து நிற்கும். 10 மீற்றர் மரம் அப்போது நண்பகலில் வடக்கே 6 மீற்றருக்கு மேல் நிழல் போடும், ஆனியில் தெற்கே இரண்டரை மீற்றர்தான். ஆகவே காலபோக மரக்கறிப் பாத்தியைப் பெரிய மரத்துக்கு வடக்கே ஒட்டிப் போடாதீர்கள்.

செடியை வாட்டுவது பிற்பகல் வெயில். மேற்கிலும் தென்மேற்கிலும் கதியால் வேலியாகக் கிளிசரியா, பூவரசு வைத்தால் வெயிலும் மறையும், சோளகமும் தணியும். வேலி தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம்வரை காற்றைத் தணிக்கும். மதில் கட்டினால் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழும். சந்து உள்ள வேலியே நல்லது.

பகல் நீளமும் முக்கியம். நமக்கு மார்கழிக்கும் ஆனிக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம்தான். 14 மணி நேரப் பகல் கேட்கும் வெங்காய இனங்கள் இங்கே இலை விட்டுக்கொண்டே இருக்கும், கிழங்கு கட்டாது.

8. நாலு கால்களும் இறகுகளும்

எந்த வலய வரைபடத்திலும் இல்லாதது இது. கட்டாக்காலி மாடு, குரங்கு, மயில், பன்றி, ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கம் யானை. எது வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். பன்றி வரும் இடத்தில் மரவள்ளியும் வற்றாளையும், யானை வரும் இடத்தில் வாழையும் வீட்டிலிருந்து எட்டத்தில் வேண்டாம். தேசி, மிளகாயை யானை பொதுவாகத் தீண்டுவது குறைவு. எப்படியிருந்தாலும் வேலி முதலில், கன்று பிறகு.

9. இப்போது செடியைத் தெரியுங்கள்

வளவைக் கையால் ஒரு தாளில் வரைந்து மேடு, பள்ளம், கிரவல், கிணறு, நிழல், காற்று எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரே வளவில் மூன்று நான்கு சின்ன வலயங்கள் தெரியவரும். ஆழமான மண் உள்ள மேட்டில் மா, பலா, தேசி. மா பூப்பதற்கு ஒரு வறண்ட காலம் வேண்டும், அது நம்மிடம் தாராளம். வரண்ட மூலைக்கு முருங்கை, மாதுளை, அன்னமுன்னா. குளிக்கும் தண்ணீர் ஓடும் பக்கம் வாழை. கார்த்திகையில் நீர் நிற்கும் பள்ளத்தில் பல ஆண்டு மரம் வேண்டாம். மழைக்குப் பிறகு அதே இடத்தில் ஈரத்தை நம்பிப் பயறு, கெக்கரி போடலாம். றம்புட்டான், மங்குஸ்தான், மிளகுக் கொடி ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

10. நடும் நாள்

மரக் கன்றுக்கு ஐப்பசியின் முதல் நல்ல மழை. மூன்று மாதம் இறைக்காமலே வேர் ஓடும். தண்ணீர் மெதுவாக வடியும் மண்ணில் குழிக்குள் நடாமல் முழங்கால் அளவு மேடு போட்டு நடுங்கள். குழியில் எருவை நிரப்பி நட்டால் கெட்டியான மண்ணில் அது தொட்டி போல் நீரைப் பிடித்து வைக்கும்.

தக்காளி, கோவாவுக்குக் கார்த்திகையில் மறைப்பின் கீழ் நாற்றுப் போட்டு, மார்கழி கடைசி அல்லது தை தொடக்கத்தில் பிடுங்கி நடுவது என் வழக்கம். அடைமழை தப்பிவிடும், தக்காளி பூக்கும்போது மாசியின் குளிர்ந்த இரவுகள் கிடைக்கும். சூடான இரவில் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் கொட்டும்.

மழை விட்டதும், மண் காய முன், வைக்கோல் அல்லது பனையோலையால் மூடுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் போடாவிட்டால் கறையான் நேரே ஏறிவிடும்.

11. ஓர் ஆண்டு எழுதுங்கள்

தகரப் பேணியைத் திறந்த வெளியில் ஒரு தடியில் கட்டி, ஒவ்வொரு காலையும் அடிமட்டத்தை விட்டு மில்லிமீற்றரில் அளந்து எழுதுங்கள். கிணற்று மட்டம் வாரம் ஒரு தடவை. முதல் ஆண்டில் காணியில் கால்வாசிக்கு மேல் நட வேண்டாம். அயலவர் சொன்னதும் கொப்பி சொல்வதும் எங்கே வேறுபடுகின்றன என்று அடுத்த ஆவணியில் பார்த்துப் பன்னிரண்டு கட்டத் தாளைத் திருத்துங்கள்.

அளந்து முடிந்ததும் பேணியைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மழைகாலத்தில் இரண்டு நாள் மறந்து விட்டால் போதும், நுளம்பு முட்டையிட்டுவிடும்.